நான்காவது மணிக்குப் பிறகு

கேக் செய்கிறவளுக்குத் தொலைபேசியைப் போல ஒரு எதிரி கிடையாது. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடித்துக்கொண்டிருப்பேன். இரண்டு கையிலும் முழங்கை வரை பிசுக்கு. அப்போதுதான் மணி அடிக்கும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஓடினால், "சும்மாதான் எடுத்தேன், வீட்டுல இருக்கீங்களான்னு பாத்தேன்" என்று ஒரு குரல். வீட்டில் இல்லாமல் வேறு எங்கே இருப்பேன்? திரும்பி வருவதற்குள் கலவை திரிந்து தண்ணீர் விட்டிருக்கும்.

மாத்தளை டவுனில் பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வாடகை வீடு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் அங்கேதான் கலியாணக் கேக் செய்து பிழைத்தேன். எங்கள் நாட்டுக் கலியாணக் கேக்கைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் மூன்று தட்டாக நிமிர்ந்து நிற்பதில் முக்கால்வாசி ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் அட்டை, மேலே ஐசிங் பூச்சு. சாப்பிடுகிற கேக் வேறு. ரவையும் முந்திரிக் கஜுவும் சீனிப்பாகில் ஊறிய பூசணி தோசியும் கிராம்பும் ஜாதிக்காயும் போட்டுச் செய்து, விரல் நீளத்துக்கு வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, சின்னப் பெட்டிகளில் வைத்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்கள். முந்நூறு பேர் வருகிற கலியாணம் என்றால் முந்நூறு பெட்டி. வெட்டுவது, சுற்றுவது, பெட்டி மடிப்பது எல்லாம் நான் ஒருத்திதான். டவுனில் பாதிப் பேர் என் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறார்கள். என்னோடு உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட ஆள் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம்தான் உண்டு.

அப்போதுதான் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற ஒரு மெசின் வந்தது, துணிக்கடை ஹாஜியார் கொடுத்தது. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நானூறு துண்டு செய்து கொடுத்திருந்தேன். மகன் சவுதியிலிருந்து கொண்டு வந்ததாம். டெலிபோனோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், நாலு மணி அடித்த பிறகு தானே எடுத்து, நாம் பதிந்து வைத்ததைச் சொல்லிவிட்டு, பீப் என்று ஒரு சத்தம் போட்டு, அந்தப் பக்கத்து ஆள் பேசுவதைச் சின்னக் கசெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிசம். அதற்கு மேல் போனால் வெட்டிவிடும்.

"எங்க கடையில இதுக்கு வேல இல்ல புள்ள. வாற சனம் மெசினோட பேச மாட்டேங்குது" என்றார் ஹாஜியார்.

அவர் சொன்னது உண்மைதான் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. என் குரலில் தமிழில் பதிந்து வைத்தேன்: பெயரைச் சொல்லுங்கள், கலியாணத் தேதியைச் சொல்லுங்கள், எத்தனை துண்டு என்று சொல்லுங்கள், உங்கள் நம்பரை இரண்டு முறை சொல்லுங்கள். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஆனால் சனம் மெசினை ஒரு வீட்டுக்காரியாக நினைத்துக்கொண்டது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஓர் அம்மா ஸலாம் சொல்லிவிட்டு, மெசின் பதில் ஸலாம் சொல்லவில்லையென்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். பிறகு கடைத்தெருவில் பார்த்தபோது அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார். பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்லமாட்டார்கள். "நான் அவங்க வீட்டு ஆள் பேசுறேன்" என்பார்கள். எவங்க வீட்டு ஆள்?

எல்லாவற்றையும் விட மோசம், "நான்தான்." பத்துப் பேரில் ஆறு பேர் "நான்தான் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதோடு பேர் முடிந்துவிடும். இது முழுக்க அசட்டுத்தனம் இல்லை. யுத்தம் நடந்தது, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை எடுத்து நீட்டி நீட்டி அதன் மூலை தேய்ந்த காலம் அது. தமிழ்ப் பேரைக் கசெட்டில் பதிந்து வைத்தால் அது நாளைக்கு யார் கையில் போய்ச் சேருமோ என்று பயந்தார்கள். ஆனாலும் கேக்காரிக்குத் தேதி வேண்டுமே. ஒருமுறை இரண்டு "நான்தான்"களை ஒரே ஆள் என்று எண்ணி, ஒரு கலியாணத்துக்கு மட்டும் கேக் செய்துவிட்டு, மற்றப் பெண்ணின் தாய் வாசலில் வந்து நின்றபோது முழித்தேன். அன்று செய்த அவசரக் கேக்கைப் போல வறண்டதை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

இருந்தும் அந்த மெசினை எனக்குப் பிடித்துப்போயிற்று. கையில் மாவோடு நின்றுகொண்டே, இன்னார் பேசுகிறார், இதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். பேரம் பேச முடியாது. முக்கியமாக, வெளியே போய்விட்டுக் கதவைத் திறக்கும்போது, யாராவது பேசி வைத்திருந்தால் அதன் சிவப்பு விளக்கு மின்னும். வீட்டில் ஒருவர் காத்திருப்பதைப் போல இருக்கும். அது மின்னாத நாட்களில் நான் விளக்கைக்கூடப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூப்பு. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தாள். எண்பத்துமூன்று கலவரத்தில் டவுனில் கடைகள் எரிந்ததற்கு அப்புறம் அக்காவும் அத்தானும் இனி இங்கே இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் அம்மாவுக்கும் அவர்களுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு ஏற்கெனவே வந்திருந்தது. என் பேரும் சேர்ந்தேதான் வந்திருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டவுனில் ஒரு பேக்கரியில் வேலை. புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் வரவில்லை என்றேன்.

காரணம் கேட்டார்கள். பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. நான் பிறந்தது இங்கே, எவனோ மேசையில் உட்கார்ந்து என் ஊர் எது என்று எழுதினால் நான் கப்பல் ஏற வேண்டுமா என்று கத்தினேன். அது நிஜம்தான். பேக்கரியில் அப்போதுதான் ஐசிங் வேலைக்கு என்னை விட்டிருந்தார்கள், அதை விட்டுப்போக மனமில்லை என்பதும் நிஜம். அம்மா என் துணியை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். அக்காதான் ஸ்டேசனில் நாலு பேர் பார்க்க, "இனிமே நீ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றாள். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்குப் பேர். சனம் அழுதுகொண்டேதான் ஏறும். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் அழாமல் ஏறினார்கள்.

இரண்டு வருசம் கழித்து நீலகிரிப் பக்கத்திலிருந்து அக்காவின் கடுதாசி வந்தது. அம்மா செத்துவிட்டாள். "கடைசி மூச்சுல ஒன் பேரச் சொல்லி, 'என்னைய விட்டுட்டுப் போனவ நல்லாவே இருக்கமாட்டா'ன்னு சொல்லித்தான் கண்ண மூடுனாங்க" என்று எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது? அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மறுப்பா எழுத முடியும்? அதற்குப் பிறகு எனக்கு வந்த இரண்டு சம்பந்தமும் நின்றுபோயின. கேக் நடுவில் வெடித்தால், காய்ச்சல் வந்து படுத்தால், வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டினால், எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. மாதா கோயில் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட அம்மாவிடம்தான் மன்னிப்புக் கேட்பேன், ஆண்டவரிடம் கேட்க மறந்துவிடும்.

இப்படிப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல் போய்விட்டது. வீட்டுக்குத் தொலைபேசி வந்த வருசம், நத்தாருக்கு, அதான் கிறிஸ்துமஸுக்கு, அக்காவின் கடுதாசியில் இருந்த பழைய விலாசத்துக்கு ஒரு கார்ட் போட்டேன். உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை. என் பேரையும் நம்பரையும் மட்டும் எழுதினேன். அது என் கோழைத்தனம். அவள் எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் நான் எதையும் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம் என்பது கணக்கு.

அதே மாதத்தில்தான் கலியாண மண்டப மெனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சிங்களவர், நல்ல மனுசன், மாதத்துக்கு மூன்று நாலு கலியாணம் எனக்குத் தருகிறவர். "மிஸ், ஆட்கள் எடுத்தவுடனே தமிழ் கேட்குது, வைச்சிடுறாங்க. இப்ப நாடு இருக்கிற நிலைமை தெரியும்தானே. பிசினஸ் என்றால் பிசினஸ் மாதிரி இருக்க வேணும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் வாயைத் திறந்த இரண்டாவது சொல்லிலேயே தமிழச்சி என்று தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர் ஒருவர் இருந்தார். அவருக்கும் பிள்ளைகள் தூரத்தில். என்னை "நங்கி" என்றுதான் கூப்பிடுவார். அதுவரை அந்த ஊரில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான், அதுவும் வேறு பாசையில். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதிவைத்துப் படித்து, "ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொல்லி ஆரம்பித்து, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலப் பதிந்து கொடுத்தார். மெனேஜர் கேட்டுவிட்டு, "இப்பதான் கம்பெனி மாதிரி இருக்குது" என்றார். கேக் ஓடர்களும் கூடின. நான் செய்த காரியம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னி நின்றது. மூன்று பேர். முதல் ஆள் மெனேஜர். இரண்டாவது, பிறந்த நாளுக்கு லவ் கேக் கேட்ட ஒரு பொம்பளை. மூன்றாவதில் முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. தூரத்து லைனில் வருகிற இரைச்சல். லொறி ஹோர்ன் சத்தம். பிறகு ஒரு குரல்.

"ஹலோ... ஹலோ..." அப்புறம் பக்கத்தில் நிற்கிற யாரிடமோ, "சிங்களத்துல பேசுறாங்கடி. அவ வீடு இல்ல போல. வித்துட்டு எங்கயாவது போயிட்டாளோ. இல்ல, உசுரோட இருக்காளோ இல்லையோ..." என்றது. அதோடு வைத்துவிட்ட சத்தம்.

சட்டையை மாற்றவில்லை, முக்காட்டை எடுக்கவில்லை. கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். பதினாலு வருசத்தில் அக்காவின் குரல் கொஞ்சம் கட்டையாகிவிட்டிருந்தது, ஆனால் "உசுரோட" என்று இழுக்கிற இழுவை அப்படியே இருந்தது. மாத்தளையில் விட்டுப்போன தங்கச்சியைத் தேடி எடுத்தவளுக்கு, நான் வைத்திருந்த பதில் வேற்று மனுசியின் குரல். பிசினஸ் மாதிரி இருக்க வேண்டுமென்று நானே என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன். மெசினைச் சுவரில் அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடித்தால் அந்தக் குரலும் போய்விடும் என்பதால் அடிக்கவில்லை.

இப்போது போலத் திருப்பி எடுக்க நம்பர் காட்டுகிற டெலிபோன் இல்லை அது. அன்றைக்கே கடுதாசி எழுதினேன், நாலு பக்கம். ஒன்றரை மாதத்தில் அது திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் ஆள் இல்லையாம். குடிமாறிப் போயிருக்கிறார்கள். கார்ட் மட்டும் எந்தப் புண்ணியவான் கையாலோ அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக, மிச்சம் இருந்தது ஒரு வழிதான். அவளாக இன்னொருமுறை எடுக்க வேண்டும். தங்கச்சி போய்விட்டாள் என்று நம்பிவிட்டவள் ஏன் இன்னொருமுறை எடுக்கப்போகிறாள்?

டீச்சரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். "என் குரலை எடுத்துவிடு நங்கி" என்று அவரே சொன்னார். அப்புறம் யோசித்து, "முதலில் உன் குரல் இருக்கட்டும், என்னுடையது பின்னால் வரட்டும். சிங்கள ஆட்களும் பாவம்தானே" என்றார். அப்படியே செய்தோம். நான் பதிந்தது இதுதான்: "வணக்கம். இது கேக் செய்யுற வீடு. அக்கா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. பீப் சத்தத்துக்கு அப்புறம் பேசுங்க." அதன் பின்னால் டீச்சரின் ஆயுபோவன்.

அந்த வாக்கியங்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அக்கா என்றது தங்களைத்தான் என்று எல்லாப் பொம்பளைகளும் எடுத்துக்கொண்டார்கள். "நீங்க எங்கயும் போக வேணாம் தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு கிலோ போட்டு வைங்க" என்றது ஒரு குரல். என்னைவிட வயது குறைந்த ஒருத்தி, "என்னைய அக்காங்கிறீங்களே, அம்புட்டு வயசா தெரியுது?" என்று நொந்துகொண்டாள். ஓர் ஆம்பளை, "பொம்பளைங்க மட்டுந்தான் ஓடர் குடுக்கலாமா?" என்று கேட்டு வைத்தான். மெனேஜர் மூன்று மாதம் பொறுத்தார், பிறகு கண்டியிலிருந்து கேக் எடுக்க ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பொலிசும் வந்தது. இரண்டு பேர். தமிழில் யாருக்கோ சங்கேதமாகச் செய்தி வைத்திருப்பதாக ஒருவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அக்கா யார், எங்கே இருக்கிறாள், ஏன் போனாள், நீ ஏன் போகவில்லை. கசெட் முழுவதையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். முட்டை போடாத கேக் செய்யமுடியுமா, மூன்று தட்டுக்குப் பதில் ஐந்து தட்டு வைக்கலாமா, நான்தான், நான்தான் என்று சனம் பேசி வைத்ததையெல்லாம் அரை மணித்தியாலம் நின்று கேட்டார்கள். டீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார், போகும்வரை நகரவில்லை. அவர்கள் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். இருந்தும் பதிவை மாற்றவில்லை. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியாது, சாதாரணமாக நான் பயந்தாங்கொள்ளி.

மாதங்கள் போயின. வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். மெசின் இருக்கும்போது வீட்டில் அடைந்து கிடக்க அவசியமில்லை, அதற்காகத்தானே மெசின். ஆனால் மனம் கேட்க வேண்டுமே. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், பலாபத்வலவில் பஸ் மாறி, பல்லேபொல தாண்டி, வஹகோட்டைக் கோயிலுக்குப் போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோனியாரிடம் சனம் சாவி கேட்கும், மாடு கேட்கும். நான் மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஒரு டெலிபோன் கோல் கேட்டேன். வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அந்த ஒரு மணித்தியாலமும் அவள் இப்போது எடுத்திருப்பாள், இப்போது எடுத்திருப்பாள் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து கதவைத் திறந்தேன். விளக்கு மின்னவில்லை.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பெரிய சட்டியில் பழமும் கஜுவும் கொட்டிக் கையால் பிசைந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. வழக்கம்போல மெசின் எடுக்கட்டும் என்று விட்டேன். என் குரல் பேசியது. டீச்சரின் குரல் பேசியது. பீப். பிறகு அந்தத் தூரத்து இரைச்சல்.

பிசுக்குக் கையோடு பாய்ந்து ரிசீவரை எடுத்தேன்.

"நீயா?" என்றாள்.

"நான்தான்க்கா."

இத்தனை மாதமாக மனசுக்குள் எத்தனை சொல் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றையும் காணவில்லை. கடைசியில் அவள்தான், ஊரில் எல்லோரும் கேட்பதைப்போல, "எல்லாரும் சொகமா இருக்காங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்ட எல்லாரும் நான் ஒருத்திதான். "இருக்காங்க" என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன். மழை என்றாள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன், மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டதாம். அவள் கலியாணத்துக்குக் கேக் செய்தது யாரென்று கேட்கத் தோன்றியது. அவர்கள் பக்கத்தில் கலியாணத்துக்குக் கேக் செய்கிற வழக்கம் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

பிறகு அக்கா, "நீ எடுப்பேன்னு நெனைக்கல. மனசு கேக்காம ஒருக்கா எடுத்துப் பாத்தேன், மெசின்ல ஒன் குரல் வந்திச்சு. அப்புறம் ஒரு வாரமா எடுத்து எடுத்து வெச்சிட்டேன். அந்த மெசின்கிட்டதான் பேசலாமுன்னு வந்தேன்" என்றாள்.

"எங்கிட்டயே பேசேன்க்கா."

"வராதுடி. ஒன் குரல் கேட்டா சொல்ல வந்தத சொல்லமாட்டேன். நா வெச்சிட்டுத் திருப்பி எடுக்குறேன். நீ எடுக்காத. மெசினே எடுக்கட்டும். என்னா?"

வைத்துவிட்டாள். கையைக்கூடத் துடைக்காமல் நின்றேன். ஒரு நிமிசத்தில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. எடுக்காமல் நிற்பதற்குச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று. நாலு. வணக்கம், இது கேக் செய்கிற வீடு, எங்கேயும் போகவில்லை என்று என் குரல் தன் பாட்டுக்குச் சொல்லி முடித்தது. டீச்சர் நிதானமாகச் சொல்லி முடித்தார். பீப்.

"இந்தாரு. நீ பக்கத்துல நின்னு கேக்குறியோ இல்லையோ, எனக்குத் தெரிய வேணாம். அம்மா செத்தப்ப நா எழுதுன கடுதாசி... அதுல எழுதுனது பொய். அம்மா ஒன்னைய ஒண்ணும் சொல்லல. அம்மா சாகும்போது பக்கத்துல யாருமே இல்ல. காச்சல்ல படுத்திருந்தாங்க. அன்னைக்கு நா வேலைக்குப் போயிட்டேன். வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு நா போகாட்டி பேர வெட்டிருவோமுன்னு சொன்னாங்க. அந்தியில வந்து தொட்டுப் பாத்தா ஒடம்பு சில்லுன்னு இருந்திச்சு. கடைசியா என்னா சொன்னாங்கன்னு எனக்கே தெரியாது. கேக்க ஆளில்ல. நா விட்டுட்டுப் போயிட்டேன்னு எப்பிடி எழுதுறது? நீதான் விட்டுட்டுப் போனவன்னு எழுதுறது லேசா இருந்திச்சு. அதான், எல்லாத்தயும் ஒன் தலையில தூக்கி..."

இரண்டு நிமிசம் முடிந்து மெசின் வெட்டிவிட்டது.

பன்னிரண்டு வருசத்துக்கு மேல் ஒரு சாபத்தைச் சுமந்திருக்கிறேன். அதைச் சொன்னவர் யாருமே இல்லை. அந்தச் சுமை இறங்கியதும் லேசாகியிருக்க வேண்டும், சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அக்காவின் மேல் கோபம்கூட வரவில்லை. தோட்டத்து லயத்து அறையில், நான் கண்டிராத ஊரில், அம்மா தனியாகப் படுத்திருப்பது மட்டும்தான் கண்ணில் நின்றது. சாபமாவது இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சபிக்கிறதென்றால் பக்கத்தில் கேட்க ஓர் ஆளாவது இருந்திருக்கும்.

மணி திரும்பவும் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"எடுக்காதன்னு சொன்னேன்ல" என்றாள் அழுதுகொண்டே.

"அம்மா பக்கத்துல தண்ணி இருந்திச்சா?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சினாள். "செம்புல வெச்சிட்டுத்தான் போனேன். கைக்கு எட்டுற மாதிரி."

"கொறஞ்சிருந்திச்சா?"

"பாதி குடிச்சிருந்தாங்க" என்றாள். கொஞ்சமும் யோசிக்காமல் சட்டென்று சொன்னாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.